மெதுவா ஓடச் சொல்ல எங்களுக்கு ஆளில்லை

வன்னியில் பள்ளிக்கூடக் காலத்தில் நெடுந்தூரம் ஓடின ஆரையும் பிடிச்சு, "அந்த வயசில உங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தந்திருக்க வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஆக்களின் பதில்கள் கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் என்று ஊர் மாறினாலும் பெரிதாக மாறவில்லை. மெதுவாக ஓடியிருக்கலாம். கால் நொந்தபோது நிற்பாட்டியிருக்கலாம். ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கலாம். நித்திரை கொண்டிருக்கலாம். ஏ.எல். வந்தவுடன் விட்டிருக்கக் கூடாது.

இதில் ஒன்றுகூட இரகசியம் இல்லை. யூடியூப்பில் பத்து நிமிசம் தேடினால் இவ்வளவும் வரும். ஐம்பது, அறுபது வருசத்துக்கு முன்னமே உலகத்துக்குத் தெரிந்த விசயங்கள். பிறகேன் முள்ளியவளையில் காலமை வெறுங்காலோட ஓடுகிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை?

"எங்கட சனத்துக்கு விளையாட்டு அறிவு காணாது" என்று சொல்லிப்போட்டுப் போகலாம். நான் அதை ஏற்கவில்லை. எங்கட பள்ளிக்கூடப் போட்டி முறை இந்த ஆலோசனைகளுக்கு நேர் எதிராக ஓடச் சொல்லுது. இதைச் சொல்ல வேண்டிய மூத்த ஓட்டக்காரர் மைதானத்தில் இல்லை. இந்த இரண்டும்தான் காரணம் என்பது என்ர கருத்து.

இரண்டு கிழமையில் ஒரு மரதன்

நாங்கள் மரதன் என்று சொல்லுறது 42.195 கிலோமீற்றர் ஓட்டத்தை இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னம், பள்ளிக்கூட வாசலில் தொடங்கி றோட்டால் போய்த் திரும்பி வருகிற ஓட்டத்தைத்தான். தூரம் ஊருக்கு ஊர் மாறும். முன்னுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், பின்னுக்கு ஒரு வாகனம், சந்திக்குச் சந்தி தண்ணிப் போத்தலோட பழைய மாணவர், படலைக்கு வந்து கைதட்டுகிற சனம். வருசத்தில் ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிற நாள் அது. அந்தக் கொண்டாட்டம் எனக்கும் பிடிக்கும். அதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை.

சிக்கல் அது வருகிற காலத்தில் இருக்கு. வழமையாக முதலாம் தவணையில்தான் இல்லப் போட்டி. அதுக்கு முந்தின மூன்று மாதத்தையும் பாருங்கள். ஒக்டோபரில் மாரி தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் கிரவுண்டில் தண்ணி நிற்கும். கிரவல் றோட்டுகள் சேறு. அதோட தவணைப் பரீட்சை, பிறகு விடுமுறை. பிள்ளை ஓடவே இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கி, இல்லம் பிரிச்சு, "இன்னும் இரண்டு கிழமையில மரதன்" என்று அறிவிப்பு வரும். இல்லத்துக்குப் புள்ளி வேணும் என்பதற்காக, போன வருசம் முழுக்க நூறு மீற்றர்கூட ஓடாத பிள்ளையும் பெயர் குடுக்கும்.

உடம்பு இப்படி வேலை செய்யாது. இதயமும் நுரையீரலும் சில கிழமைகளில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் எடுக்கும். அதனால்தான் இரண்டாம், மூன்றாம் கிழமையில் "இப்ப நல்லா ஓடுறன்" என்று மூச்சு சொல்லும்போது, கால் எலும்பு அதுக்குத் தயாராக இருக்காது. காயம் வருகிற இடம் அந்த இடைவெளிதான்.

இதைவிடப் பாரமான ஒரு விசயமும் இருக்கு. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவன் ஒருவன் சுகவீனமடைந்து உயிரிழந்தான். ஊர்ச்சனம் வைத்தியசாலைக்கு முன்னால் நின்று போராடியது. அந்த மரணத்துக்கு ஆர் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லுறது என்ர வேலை இல்லை. ஆனால் அந்தச் செய்தியை எல்லாரும் போனில் பார்த்தோம், பகிர்ந்தோம். அதுக்குப் பிறகு எங்கட ஊர்ப் பள்ளிக்கூட மரதன் தொடங்குகிற நேரம் மாறினதா? தூரம் குறைஞ்சதா? ஓட முதல் பிள்ளையின்ர உடல்நிலையை ஆராவது கேட்டவையா? இந்த மூன்று கேள்வியையும் ஒவ்வொரு பழைய மாணவர் சங்கமும் பெற்றாரும் கேட்க வேணும்.

கதைச்சுக்கொண்டு ஓடுங்கோ

இனி ஆலோசனைகளுக்கு வருவம். முதலாவதும் ஆக முக்கியமானதும் இதுதான்: பயிற்சியில் பெரும்பகுதி மெதுவாக ஓட வேணும். எவ்வளவு மெதுவா? பக்கத்தில் ஓடுகிற சிநேகிதனோட முழு வசனமாகக் கதைக்கக்கூடிய அளவுக்கு. ஒரு வசனத்தை முடிக்க இரண்டு தரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வேகம் கூடிப்போச்சு. இதுக்குக் கைக்கடிகாரமும் தேவையில்லை, அப்பும் தேவையில்லை.

நியூசிலாந்தில் ஆதர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார். ஓக்லாந்தில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். விளையாட்டு விஞ்ஞானம் படிச்சவர் இல்லை. நெடுந்தூரத்தை எப்படிப் பயிலுறது என்று தன்ர உடம்பிலேயே வருசக்கணக்காகப் பரிசோதிச்சுப் பார்த்தவர். பிறகு அந்தப் பக்கத்துப் பெடியளைச் சேர்த்துக்கொண்டு ஓடினார். கிழமைக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர், ஞாயிற்றுக்கிழமையில் மலைப்பாதையில் 35 கிலோமீற்றர். 1960 ரோம் ஒலிம்பிக்கில், ஒரே நாளில், அவருடைய பெடியள் இரண்டு பேர் தங்கம் எடுத்தார்கள். பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரில், மறே ஹல்பேர்க் 5,000 மீற்றரில். இரண்டு நிமிசத்துக்குள் முடிகிற 800 மீற்றருக்குக்கூட அடித்தளம் நீண்ட தூர ஓட்டம்தான் என்பதை உலகம் அப்போதுதான் கவனிச்சது.

பிற்காலத்தில் நோர்வேயில் வேலை செய்கிற ஸ்ரீபன் செய்லர் என்ற ஆய்வாளர், உலகத் தரமான ஓட்டக்காரர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்தார். பத்துப் பயிற்சியில் ஏறத்தாழ எட்டை அவர்கள் மெதுவாகத்தான் செய்கிறார்கள். இரண்டில்தான் உயிரைக் குடுக்கிறார்கள்.

மெதுவாக ஓடும்போது உள்ளுக்கு வேலை நடக்கும். தசைக்கு இரத்தம் கொண்டுபோகிற நுண்ணிய குழாய்கள் பெருகும். தசைக்கலங்களுக்குள் சக்தி உண்டாக்குகிற இழைமணிகள் கூடும். ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் படத்தோட பாடமாக்கின அதே இழைமணிதான். அது பெருக வேகம் தேவையில்லை, காலம்தான் தேவை.

எங்கட கிரவுண்டில் நடக்கிறது தலைகீழ். மெதுவாக ஓடுகிற பிள்ளையைப் பார்த்து, "என்ன, பிரேத ஊர்வலத்துக்கே போறாய்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் நேரம் எடுத்து, ஒவ்வொரு நாளும் போட்டி போல ஓட விட்டு, ஆர் முதல் வாறது என்று பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் வலய மட்டப் போட்டி இருக்கிற சேருக்கு வேறு வழியும் இல்லை. அடித்தளம் போட நாலு மாதம் வேணும், அவருக்குக் கிடைச்சது ஆறு கிழமை. அதனால் அவரைக் குறை சொல்லி முடியாது. அவரை அப்படி நெருக்குகிற காலஅட்டவணையைத்தான் கேள்வி கேட்க வேணும்.

நோவைத் தாங்கிறது வீரம் எண்டு ஆர் சொன்னது?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடின ரணதுங்க கருணானந்தவின் கதையை நாங்கள் எல்லாரும் ஏதோ ஒரு காலமைக் கூட்டத்தில் கேட்டிருப்போம். மற்ற எல்லாரும் ஓடி முடிச்ச பிறகும், தனியாக, மிச்சச் சுற்றுகளையும் ஓடி முடிச்சார். முதலில் சிரித்த சனம் பிறகு எழும்பி நின்று கைதட்டினது. யப்பானில் பாடப்புத்தகம் வரைக்கும் போன கதை. நல்ல கதை, எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கதையை எடுத்துக் காலெலும்பு நோகிற பதினாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. கருணானந்த வளர்ந்த மனிசன், பயிற்சி பெற்ற இராணுவ வீரர், ஒலிம்பிக்கில் ஓடினவர். கடைசியாக வாற வெட்கத்தைத்தான் அவர் தாங்கினார். முறிவை நோக்கிப் போகிற எலும்பைத் தாங்கச் சொல்லி அந்தக் கதை ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

களைப்பு வேறு, காயம் வேறு. இரண்டையும் பிரிச்சுப் பார்க்கப் பழக வேணும். தொடை முழுக்க, இரண்டு காலிலும், பரவலாக இறுக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் களைப்பு. இரண்டு நாளில் போய்விடும். முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில், விரல் வைச்சுக் காட்டக்கூடிய மாதிரி நொந்தால், ஓட ஓட அது கூடினால், படுத்திருக்கும்போதும் நொந்தால், அது எலும்பில் மயிர்போல வெடிப்பு விழுகிறதின் அறிகுறியாக இருக்கலாம். அதுக்கு எண்ணெய் பூசி இழுக்கிறதும், துணி சுத்திக்கொண்டு ஓடுறதும் மருந்து இல்லை. ஓட்டத்தை நிற்பாட்டி வைத்தியரிடம் காட்ட வேணும். தொடக்கத்தில் சில கிழமை ஓய்வோட போகிறதை, மறைச்சு ஓடி ஒரு வருசமாக்கிக் கொண்ட ஆக்கள் எங்கட ஊர்களில் இருக்கினம்.

பிள்ளை ஏன் மறைக்குது? நொந்தது என்று சொன்னால் அணியில் இடம் போய்விடும். வீட்டில் சொன்னால் ஓடவே விடமாட்டார்கள். இரண்டு பக்கமும் கதவு. அதனால் வாயைத் திறக்காது. "நோகுது சேர்" என்று சொன்ன பிள்ளைக்கு அணியில் இடம் போகாது என்று பயிற்றுநர் முதல் நாளே சொல்லிவிட்டால், பாதிக் காயம் குறையும் என்று நான் நினைக்கிறன்.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960 ரோமில் அபேபே பிகிலா வெறுங்காலோட மரதன் வென்றார் என்று சொல்லி எங்களை வெறுங்காலில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாகாணப் போட்டிக்கு இரண்டு நாளைக்கு முன்னம் நன்கொடையாகப் புதுச் சப்பாத்து குடுத்துப் படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பழகின காலோட ஓடுறது நல்லது, பழகின சப்பாத்தோட ஓடுறதும் நல்லது. போட்டி நாளில் எதையும் முதன்முதலாகப் போடக் கூடாது. உதவி செய்ய விரும்புகிற வெளிநாட்டு அண்ணாமார் சப்பாத்தை இரண்டு மாதம் முந்தி அனுப்பினால் பெரிய புண்ணியம்.

வெறுவயிறும் பெண் பிள்ளைகளும்

காலமைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பிளேன்ரீயோட மட்டும் வருகினம் என்று பார்த்தால், எங்கட ஓட்டம் ஏன் முன்னேறவில்லை என்பதில் ஒரு பகுதி விளங்கும். ஓடி முடிச்சு அப்படியே வகுப்புக்குப் போய், பத்தரைக்கு இடைவேளையில்தான் முதல் சாப்பாடு.

ஓடுகிற உடம்புக்கு விலை கூடின மாப்பேணி தேவையில்லை. எங்கட குசினியிலேயே எல்லாம் இருக்கு. குரக்கன் புட்டு, பயறு, முட்டை, நெத்தலி, முருங்கை இலைச் சுண்டல், ஒரு கை முறிகண்டிக் கச்சான். ஓடி முடிச்ச கையோட ஏதாவது வயித்துக்குள் போக வேணும் என்பதுதான் முக்கியம். இன்னொன்று: தேத்தண்ணியைச் சாப்பாட்டோட சேர்த்துக் குடிச்சால், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு குறைவாகத்தான் எடுக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிச்சால் காணும். காசு செலவில்லாத ஆலோசனை இது.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஓட்டத்துக்குச் செலவாகிற சக்திக்கு ஏற்ற மாதிரிச் சாப்பாடு போகாவிட்டால், உடம்பு மற்ற வேலைகளைக் குறைச்சுக்கொள்ளும். அதில் ஒன்று மாதவிடாய். அது நின்றால் எலும்பும் பலம் குறையும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைப் பற்றி ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது. ஆண்களுக்கும் இந்தப் பற்றாக்குறை பாதிப்புத் தரும் என்றும் அதில் சொன்னது. அமெரிக்காவில் பதினேழு வயதிலேயே உலகப் போட்டிக்குப் போன மேரி கெய்ன், 2019இல் வெளிப்படையாகப் பேசினார். மெலிய வேணும், இன்னும் மெலிய வேணும் என்ற நெருக்குதலால் தனக்கு மூன்று வருசம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்பு முறிந்தது என்றார். உலகத்தின் பணக்காரப் பயிற்சிக் குழு ஒன்றில் இருந்த பிள்ளைக்கே அந்த நிலை.

எங்கட பக்கம் இதைக் கதைக்கவே ஆளில்லை. மாதவிடாய் நின்றுபோன ஒரு பிள்ளை அதை ஆரிடம் சொல்லும்? பயிற்றுவிக்கிறவர் அனேகமாக ஆண். அம்மாவிடம் சொன்னால் "ஓடினதாலதான்" என்று ஓட்டமே நிற்கும். அதனால் நான் கேட்கிறது சின்ன விசயம்: பெண் பிள்ளைகள் ஓடுகிற ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு ரீச்சரோ, முன்னம் ஓடின ஒரு அக்காவோ நிற்க வேணும். நேரம் எடுக்கிறதுக்கு இல்லை, கதைக்கிறதுக்கு. பெரியபிள்ளை ஆன கையோட கிரவுண்டுக்கு வாறதை விடுகிற பிள்ளைகளில் சிலபேராவது அந்த அக்காவுக்காகத் திரும்பி வருங்கள்.

விடியப்புறம் ஆற்றை றோட்டு?

வன்னி வெயிலைப் பற்றி வன்னி ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெப்ரவரி கடந்தால் ஒன்பது மணிக்கே தார் றோட்டு கொதிக்கும். அதனால் ஆறு மணிக்கு முன்னம் ஓடு, சூரியன் ஏற முதல் முடி என்பது சரியான ஆலோசனை. ஆனால் இதைச் சொல்லுகிறவர் ஆருக்குச் சொல்லுகிறார் என்று யோசிக்க வேணும்.

விடியப்புறம் நாலரை, ஐந்து மணிக்கு ஒட்டுசுட்டான் பக்கம் யானை றோட்டைக் கடக்கும். ஊர்நாய்கள் இருட்டில் துரத்தும். பெண் பிள்ளை தனியாக அந்த நேரம் ஒழுங்கைக்கு இறங்க வீட்டில் ஆர் விடுவார்கள்? விட்டாலும், வெளிச்சம் இல்லாத றோட்டில் அவள் என்னத்தை நம்பி ஓடுறது? பெடியளுக்கு இன்னொரு தடை: ரியூசன். காலமை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு, பின்னேரம் இன்னொன்று, இரவு பதினொரு மணி வரைக்கும் படிப்பு. எட்டு மணித்தியாலம் நித்திரை கொள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறது பகிடி மாதிரி இருக்கும்.

ஆலோசனை எல்லாம் பாதுகாப்பான றோட்டும் ஓய்வான நேரமும் இருக்கிற ஆளை நினைச்சு எழுதப்படுது. எங்களுக்கு அது கூட்டாகத்தான் கிடைக்கும். ஐந்து பேர் சேர்ந்து ஓடினால் நாய் கிட்ட வராது. மூன்று பெண் பிள்ளைகளோட ஒரு அக்காவும் சைக்கிளில் வந்தால் வீட்டில் விடுவார்கள். நெடுந்தூர ஓட்டம் தனி ஆள் விளையாட்டு என்று சொல்லுறது எங்கட ஊருக்குப் பொருந்தாது.

போட்டி நாளுக்கு ஒரு விசயம். ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளை தடுமாறினால், சம்பந்தமில்லாமல் கதைச்சால், வெயிலுக்குள் குளிருது என்று நடுங்கினால், அது வெறும் களைப்பு இல்லை. உடனே ஓட்டத்தை நிற்பாட்டி, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, காற்று வர விட வேணும். 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வருகிற வரைக்கும் குளிராக்குறதை விடக் கூடாது. சந்தியில் தண்ணிப் போத்தலோட நிற்கிற ஒவ்வொரு பழைய மாணவனுக்கும் இது தெரிஞ்சிருக்க வேணும்.

பத்தொன்பது வயதில் முடிகிற ஓட்டம்

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளின் கடைசியிலும் முப்பதுகளிலும்தான் தங்கட உச்சத்துக்கு வருவார்கள். கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022இல் பேர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 செக்கனில் மரதன் ஓடி உலக சாதனை வைக்கும்போது அவருக்கு 37 வயது. எங்கட பிள்ளைக்குப் பதினெட்டு, பத்தொன்பதில் எல்லாம் முடிந்துவிடும். வலயம், மாகாணம், தேசியம் என்று ஏணி இருக்கிறது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். ஏ.எல். எழுதின பிறகு அந்த ஏணியில் அடுத்த படி இல்லை.

தெற்கில் ஒரு வறிய கிராமத்துப் பெடியனுக்குப் படி இருக்கு. தேசிய மட்டத்தில் ஓடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளைச் சேர்ந்தவர்கள். சம்பளம், சாப்பாடு, பயிற்றுநர், நேரம் எல்லாம் அங்கே கிடைக்கும். வன்னிப் பிள்ளைக்கு அந்தக் கதவு எப்படித் தெரியும் என்று நான் விளக்கத் தேவையில்லை. மலையகத்தில் இருந்து குமார் சண்முகேஸ்வரன், விக்னேஸ்வரன் வக்சன் போன்றவர்கள் 5,000, 10,000 மீற்றர்களில் தேசிய மட்டத்துக்கு வந்தது எங்களுக்குச் சந்தோசம்தான். அவர்களைப் போல இங்கேயும் கால்கள் இருக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓட ஒரு கழகம், ஒரு பயிற்றுநர், பஸ் காசு தான் இல்லை.

ஆனாலும் ஓட்டம் பதக்கத்தோட முடிகிற விசயம் இல்லை என்றதுக்கு எங்களிடமே ஒரு ஆள் இருக்கிறார். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, 2023இல் தன்ர 72ஆவது வயதில் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5 கிலோமீற்றர் விரைவு நடையிலும் தங்கம் எடுத்தார். 800 மீற்றரில் வெண்கலம். அந்த நேரம் எல்லாரும் அவர் படத்தைப் பகிர்ந்து "வயது வெறும் எண்" என்று எழுதினோம். எனக்கு அந்தப் படத்தில் வேறொன்றுதான் தெரிஞ்சது. எழுபது வயதுக்குப் பிறகும் ஓடுகிற ஒரு பெண் எங்கட மாவட்டத்தில் இருக்கிறார் என்றால், உடம்பை உடைக்காமல் ஓடுறது எப்படி என்று தெரிஞ்ச ஒருவர் எங்கட ஊரில் இருக்கிறார். அவரைப் பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். எத்தனை பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிட்டு, "எங்கட பிள்ளையளோட ஒரு சுற்று ஓடுங்கோ அம்மா" என்று கேட்டது?

பக்கத்து வீட்டு ஆள்

கிப்சோகே எப்படித் தொடங்கினார் என்று பாருங்கள். அவருடைய ஊர்ப்பக்கத்தில் பற்றிக் சாங் என்று ஒருவர் இருந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3,000 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளி எடுத்தவர். பதின்ம வயதுக் கிப்சோகே அவரிடம் போய், தனக்கு ஒரு பயிற்சித் திட்டம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். சில நாளுக்கு எழுதிக் குடுத்தார். அது முடியத் திரும்பி வந்து அடுத்ததைக் கேட்டார். 2003இல் பதினெட்டு வயதில் உலகப் போட்டியில் 5,000 மீற்றர் தங்கம் எடுத்தபோதும், 37 வயதில் அந்த மரதன் சாதனை வைச்சபோதும் பயிற்றுநர் அதே சாங்தான்.

கடல் தாண்டினால் புதுக்கோட்டை. 2016 குவாஹாத்தி தெற்காசிய விளையாட்டு விழாவில் 10,000 மீற்றரில் தங்கம் எடுத்த சூர்யாவும், 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5,000 மீற்றரில் தங்கம் எடுத்த லட்சுமணனும் அந்த மாவட்டத்துப் பிள்ளைகள். இரண்டு பேரையும் வளர்த்தவர் உள்ளூர்ப் பயிற்றுநர் லோகநாதன். வெயிலும் வறுமையும் எங்களுக்கு இருக்கிற மாதிரித்தான் அவர்களுக்கும். அங்கே ஒரு மனிசன் ஒரே இடத்தில் வருசக்கணக்காக நின்றார். லிடியார்ட், சாங், லோகநாதன் மூன்று பேரிலும் நான் பார்க்கிற பொது விசயம் அதுதான்.

எங்களுக்கு அப்படி நிற்க வேண்டிய ஆக்கள் என்ன ஆனார்கள்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஓடினவர்கள் இடம்பெயர்ந்தார்கள், வெளிநாடு போனார்கள், இல்லாமல் போனார்கள். 2009க்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் திரும்பத் தொடங்கினபோது மைதானத்தைத் துப்பரவாக்கலாம், கோடு போடலாம். மூத்த ஓட்டக்காரனை எங்கே இருந்து கொண்டுவாறது? "மெல்லமா ஓடு தம்பி, இது ஐஞ்சு வருச வேலை" என்று சொல்லுற குரல்தான் எங்களிடம் அறுந்துபோன சங்கிலி.

அது திரும்பத் தொடங்க வேண்டியது எங்கட வயது ஆக்களிடம் இருந்துதான். 2009க்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் ஓடி, மாகாணத்துக்கும் தேசியத்துக்கும் போய், பிறகு விட்டுப்போட்டு இப்ப கம்பஸிலும் கடையிலும் காமன்ற்ஸிலும் இருக்கிற ஆக்கள்தான் வன்னியின் முதல் மூத்த ஓட்டக்காரர். நீங்கள் கோச் ஆகத் தேவையில்லை, சான்றிதழும் தேவையில்லை. ஊரில் நிற்கிற சனி ஞாயிறில், சேரிடம் கேட்டு, பிள்ளைகளோட ஒரு அரை மணித்தியாலம் கதைச்சுக்கொண்டு ஓடுங்கள். நொந்தால் சொல்லச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள்.

பழைய மாணவர் சங்கங்களிடமும் அதிபர்களிடமும் கேட்கக் கூடியது இவ்வளவுதான். மரதனுக்கு முன்னம் குறைஞ்சது எட்டுக் கிழமை பயிற்சிக் காலம் குடுங்கள். குடுக்க முடியாத வருசம் தூரத்தைக் குறையுங்கள். காலமை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். பதினாறு வயதுக்குக் கீழே முதல் மூன்று இடத்துக்கு மட்டும் புள்ளி போடாமல், நல்லபடி ஓடி முடிச்ச எல்லாருக்கும் இல்லப் புள்ளி போடுங்கள். இடையில் நின்ற பிள்ளையின் புள்ளியை வெட்டாதேங்கோ. கட்டடமும் செயற்கை ஓடுபாதையும் வருகிறபோது வரட்டும், இதுகளுக்குக் காசு தேவையில்லை.

அடுத்த முதலாம் தவணைக்கு இன்னும் காலம் இருக்கு. மாரி தொடங்க முதல், கிரவுண்டு காய்ஞ்சிருக்கிற இந்த மாதங்களில் மெதுவாக ஓடத் தொடங்கினால் பிள்ளைகளுக்குக் காணும். உங்கட பழைய பள்ளிக்கூடத்தில் இப்ப ஆர் ஓடுகினம் என்று ஒருக்காப் போய்ப் பாருங்கள்.